புயல் வேளையில் அமெச்சூர் வானொலி
உரிமம் பெற்ற தனிநபர்கள் ஆதாயம் கருதாது இயக்கும் அமெச்சூர் வானொலிக்கு, வடகிழக்குப் பருவமழைக்கு ஆயத்தமாகும் டெல்டா மாவட்டங்களின் பேரிடர்த் திட்டத்தில் உறுதியான இடம் தரப்பட வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்து, கைப்பேசிச் சேவையையும் முடக்கியது. 2004 ஆழிப்பேரலையின்போது, தொடர்பு அறுந்த அந்தமானிலிருந்து செய்திகளை வெளியே கொண்டுவந்தது இவ்வானொலியே என்பதால், கோபுரத்தையும் கம்பிவடத்தையும் நம்பாமல் மின்கலத்திலேயே இயங்கும் அதன் பயன் ஐயத்துக்கு இடமற்றது. உரிமத்துக்குத் தேர்வும் பயிற்சியும் தேவைப்படுவதால், புயல் வந்தபின் ஆள் தேடுவது பயன் தராது. ஆகவே, வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் நீடாமங்கலம் போன்ற இடங்களில், நீர்மட்டத்தையும் காற்றின் போக்கையும் கண்டு சொல்லும் தன்னார்வலர்களுக்கு மாவட்ட நிர்வாகம் இப்போதே பயிற்சியளித்து, உரிமம் பெற உதவி, அவர்களைக் கட்டுப்பாட்டு அறையுடன் இணைக்க வேண்டும்.