புலிக்குச் சட்டம் உண்டு, ஆட்டுக்காரனுக்கு?

சங்கரன்கோவிலுக்கு மேற்கே நீண்டு கிடக்கும் மலையிலே புலி உண்டு, சிறுத்தை உண்டு, செந்நாய் உண்டு. அவற்றைக் காக்கச் சட்டமும் உண்டு. அடிவாரத்திலே ஆடு மேய்ப்பவனைக் காக்க என்ன உண்டு?

வெள்ளையன் ஆண்டபோது விலங்கின் தலைக்கு விலை வைத்தான். 1875 முதல் 1925 வரை, ஐம்பதே ஆண்டுகளில், 80,000 புலிகளுக்கு மேல், 2,00,000 ஓநாய்கள் மடிந்தன என்று கணக்கிடுகிறார் வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன். பிறகு, 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988-இல் களக்காடு–முண்டந்துறையும், 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலையும் புலிகள் காப்பகங்கள் ஆயின.

வரவேற்கிறோம்! புலி தெய்வத்தின் வாகனம் என்பதற்காக அல்ல, பகுத்தறிவு சொல்வதற்காக. மானையும் காட்டுப்பன்றியையும் தின்று மட்டுப்படுத்துவது புலியும் செந்நாயும். மேய்வன பெருத்தால் இளங்கன்று தழைக்காது; காடு தேய்ந்தால் தாமிரபரணி தேயும்.

ஆனால், தோழர்களே, தண்ணீர் ஊருக்கெல்லாம். இழப்பு மட்டும் ஒருவனுக்கா? கடன்பட்டு வாங்கிய ஆட்டைச் சிறுத்தை கவ்விப்போகிறது. இழப்பீடு உண்டு என்கிறது சர்க்கார். மனு எங்கே, சான்று எங்கே என்று அவன் படியேறிக் களைத்தால் என்ன நடக்கும்? வயிற்றெரிச்சல் நஞ்சாக மாறும். செத்த ஆட்டின்மேல் தூவிய நஞ்சு சிறுத்தையைக் கொல்லும். கழுகையும் நரியையும் சேர்த்துக் கொல்லும். சட்டம் ஏட்டிலே இருக்கும், காடு வெறுமையாகும்!

ஆகவே கேட்கிறோம்: இரவிலே ஆடு அடைக்க உறுதியான கொட்டகை கொடு, போன ஆட்டுக்குச் சந்தை விலையை நாள் கடத்தாமல் கொடு. ஏழையின் தொழுவத்துக்குக் காவல் போடாதவன், புலிக்குக் காவல் போட முடியாது!