6.4-இல் ஓர் இரும்புக் கோடு

திருச்சி என்.எஸ்.பி. ரோடு பக்கம் பழைய நகையை மாற்றப் போனால், இப்போதெல்லாம் உரைகல்லோடு விடுவதில்லை. வளையலை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். சற்று நேரத்தில் தங்கம் இத்தனை, செம்பு இத்தனை என்று திரையில் வந்துவிடுகிறது. பெட்டிக்குள் பாயும் எக்ஸ்-கதிர், அணுவின் உட்கூட்டு எலெக்ட்ரானைத் தட்டி வெளியேற்றுகிறது. காலியான இடத்துக்கு மேலிருந்து இன்னொன்று இறங்கும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலில் புது எக்ஸ்-கதிர் பிறக்கிறது. செம்புக்கு அது சுமார் 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், இரும்புக்கு 6.4. நிறமாலையில் அது ஒரு கோடாகத் தெரியும்.

செயல்மிகு விண்மீன் மண்டலங்களின் நடுவிலுள்ள கருந்துளையைச் சுற்றியும் இதேதான் நடக்கிறது. 'கருந்துளையில் இரும்பு' என்று படித்துக் குழம்ப வேண்டாம். கருந்துளைக்குள்ளிருந்து எதுவும் வராது. அதைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டில் இரும்பு கலந்திருக்கிறது. தட்டுக்கு அருகிலுள்ள கொதிக்கும் வாயுவின் எக்ஸ்-கதிர் அதன்மேல் படுகிறது.

நகைக்கடையில் கோடு எந்த ஆற்றலில் இருக்கிறது, எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பார்த்தால் போதும். இங்கே அதன் வடிவம்தான் விஷயம். 1994-இல் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் எம்.சி.ஜி.-6-30-15 என்ற மண்டலத்தை நான்கு நாளுக்கு மேல் பார்த்தது. அங்கே கோடு ஊசிபோல் நிற்கவில்லை; 5-க்கும் கீழே வால் நீண்டிருந்தது. தட்டின் வாயு ஒளிவேகத்தின் கணிசமான பங்கு வேகத்தில் ஓடுகிறது. கருந்துளையின் ஈர்ப்பும் கதிரின் ஆற்றலைக் கறக்கிறது. கருந்துளை வேகமாகச் சுழலச் சுழல, தட்டின் உள்விளிம்பு இன்னும் நெருங்கலாம், வாலும் நீளும். சுழற்சியைக் கணக்கிடுவது இப்படித்தான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. குறுக்கே நிற்கும் வாயு மேகங்கள் கதிரை ஓரளவு விழுங்கினாலும் நிறமாலை ஏறக்குறைய இப்படியே தெரியும். பல ஆண்டு வாதம் இது. 2012-இல் ஏவப்பட்ட நூஸ்டார் எக்ஸ்-கதிர் தொலைநோக்கி, அதிக ஆற்றல் பகுதியையும் சேர்த்துப் பார்த்து, என்.ஜி.சி. 1365 என்ற மண்டலத்தில் சுழற்சிக்கே சாட்சி சொன்னது. ஆனாலும் சுழற்சி எண் நேரே அளந்தது அல்ல, மாதிரியை வைத்துப் பெற்றது. அப்படித்தான் அதைப் படிக்க வேண்டும். தூர வாயுவிலிருந்து வரும் மெல்லிய கோட்டை அகன்ற கோட்டிலிருந்து பிரித்துக் காட்ட, 2023-இல் ஏவப்பட்ட ஜப்பானின் கிரிசம் செயற்கைக்கோள் உதவுகிறது.

2024 ஜனவரி 1-இல் இஸ்ரோ ஏவிய எக்ஸ்போசாட்டில் உள்ள போலிக்ஸ் கருவி, திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் நிறுவிய பெங்களூரு ஆய்வு நிலையத்தில் உருவானது. நம்மூர்ப் பெருமைதான், ஆனால் அது பார்ப்பது 8 முதல் 30 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை, 6.4 அதில் விழாது. அதே செயற்கைக்கோளின் எக்ஸ்பெக்ட் கருவிக்குத்தான் எட்டும். அது முதலில் காட்டிய இரும்புக் கோடோ காசியோப்பியா ஏ என்ற வெடித்த விண்மீனின் மிச்சத்திலிருந்து வந்தது: கருந்துளைத் தட்டு அல்ல, கொதிக்கும் வாயு, கோடும் 6.4-க்குச் சற்று மேலே.