வாப்பாவின் கண்ணுக்கு எந்த லென்ஸ்?

வாப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை என்று முடிவானதும் நம் வீடுகளில் முதலில் ஒலிப்பது தொலைபேசிதான். சபுரில் இருக்கும் மகன் துபாயிலிருந்தோ தம்மாமிலிருந்தோ அழைத்து, "இருப்பதிலேயே விலை கூடிய லென்ஸை வைத்துவிடுங்கள், பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்" என்கிறார். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. பக்கத்தில் இருந்து கவனிக்க முடியவில்லையே என்ற ஏக்கமும் இருக்கிறது. ஆனால் வாப்பா நாள் முழுவதும் எதைப் பார்க்கிறார், எங்கே உட்கார்ந்து பார்க்கிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

விலை கூடியதே சிறந்தது என்ற எண்ணம் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்குப் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. மல்டிஃபோகல் லென்ஸை நாங்கள் எதிர்க்கவில்லை. பெற்றோர் மீதுள்ள பாசத்தை அந்த லென்ஸின் விலையால் அளப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

'சாதாரண லென்ஸ்' என்று நாம் ஒதுக்கிப் பேசும் மோனோஃபோகல் லென்ஸின் வரலாறு சாதாரணமானதன்று. 1949ஆம் ஆண்டு இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்டு ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாகச் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் பொருத்தினார். போரில் காயமுற்ற விமானிகளின் கண்களில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் துண்டுகள் தைத்திருந்தும் கண் அவற்றைப் பொறுத்துக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். நம் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992 முதல் இவ்வகை லென்ஸைக் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் ஏழைகளின் கண்ணுக்கும் அது எட்டியது.

மோனோஃபோகல் லென்ஸ் உள்ளே வரும் ஒளி முழுவதையும் ஒரே தொலைவுக்குக் குவிக்கிறது. பெரும்பாலும் தூரப் பார்வைக்கே அதை வைப்பார்கள். படிப்பதற்குக் கண்ணாடி வேண்டும். மல்டிஃபோகலில் இன்று அதிகம் பேசப்படும் டிரைஃபோகல் லென்ஸின் மேற்பரப்பில் நுண்ணிய வளைய வரிகள் உள்ளன. அவை ஒளியைத் தூரத்துக்கும், ஏறத்தாழ 60 முதல் 80 செ.மீ. வரையிலான இடைத் தொலைவுக்கும், 40 செ.மீ. அளவிலான கிட்டப் பார்வைக்கும் பங்கிடுகின்றன. பங்கிடும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையத்தானே செய்யும்? வரும் ஒளி கூடுவதில்லை. சிறு பகுதி வீணாகவும் போகிறது. இதன் விளைவாக எழுத்தின் கருமைக்கும் தாளின் வெண்மைக்கும் உள்ள வேறுபாடு சற்று மங்குகிறது. இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையங்கள் தெரிகின்றன. பலருக்குச் சில மாதங்களில் மூளை இதற்குப் பழகிவிடுகிறது. சிலருக்குப் பழகுவதே இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே 'எடாஃப்' என்ற வகை உண்டு. தூரமும் இடைத் தொலைவும் அதில் நன்றாகத் தெரியும். ஒளிவளையத் தொல்லை பொதுவாகக் குறைவு. பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படலாம்.

இப்போது வாப்பாவின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஃபஜ்ருக்கு இருட்டில் புறப்படுகிறார். சிலர் நடந்து போகிறார்கள், சிலர் இந்த வயதிலும் ஸ்கூட்டரை விடுவதில்லை. எங்களுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இரு கண்ணிலும் விலை கூடிய லென்ஸ் வைத்துக்கொண்டார். எதிரே வரும் லாரியின் விளக்கு இரண்டும் குடை விரித்தாற்போல் தெரிகின்றன என்று கூறி, இஷாவுக்கும் ஃபஜ்ருக்கும் வண்டி எடுப்பதையே நிறுத்திவிட்டார். செய்தித்தாளைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார், அதில் அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இப்படி வளையம் தெரியலாம் என்று தமக்கு முன்பே யாரும் சொல்லவில்லை என்பது அவருடைய மனக்குறை.

அடுத்தது ஓதுதல். கையில் பிடித்துப் படிக்கும் புத்தகம் கண்ணுக்கு அருகில் இருக்கும். ரேஹாலில் விரித்து வைத்த முஸ்ஹஃப் அவ்வளவு அருகில் இருப்பதில்லை. நிமிர்ந்து அமர்ந்து ஓதுகிறவருக்கு அது 50, 60 செ.மீ.யும் இருக்கலாம். மேலும், அரபு எழுத்தின் மேலும் கீழும் உள்ள ஹரகத் குறிகள் மெல்லியவை. மங்கலான விளக்கில் அவற்றைப் பிரித்தறிய எழுத்துக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாக வேண்டும். கடையில் நாற்பது செ.மீ. அட்டையைப் படித்துக்காட்டித் தேர்ச்சி பெற்ற கண், ரேஹாலின் முன் தடுமாறுவது இதனால்தான். மோனோஃபோகல் வைத்துக்கொண்டு, ரேஹாலின் தொலைவுக்கென்றே ஒரு கண்ணாடி செய்துகொள்பவர் எவருக்கும் குறைந்தவர் அல்லர்.

சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கும், மாக்குலாவில் சிதைவு உள்ளவர்களுக்கும், முற்றிய குளுக்கோமா உள்ளவர்களுக்கும் ஒளியைப் பங்கிடும் லென்ஸ் பொதுவாக ஏற்றதன்று. நம் வீடுகளில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே லென்ஸின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் விழித்திரைப் பரிசோதனையின் முடிவைக் கேளுங்கள்.

மல்டிஃபோகல் யாருக்குப் பொருந்தும்? விழித்திரை நலமாக உள்ள, இரவில் வண்டி ஓட்டாத, கண்ணாடி இன்றி வாழ்வதை உண்மையிலேயே விரும்புகிறவருக்கு. முகத்திரை அணியும் உம்மாக்கள் பலருக்குக் கண்ணாடியில் ஆவி படிவது அன்றாடத் தொல்லை. அடுப்படி, கைப்பேசி, தையல் என்று அருகிலும் இடைத் தொலைவிலும் மாறி மாறிப் பார்க்கும் அவர்களுக்கு இந்த லென்ஸ் பெரும் விடுதலையாக அமையலாம். வாப்பாவுக்கு வைக்கும்போது தாராளமாக இருக்கும் பிள்ளைகள் உம்மாவின் முறை வரும்போது "வீட்டில்தானே இருக்கிறார்கள்" என்று சாதாரணத்துக்கு வந்துவிடுவதையும் பார்த்திருக்கிறோம். தேவை சில நேரம் நேர் எதிராக இருக்கிறது.

இரு கண்ணுக்கும் ஒரே மூச்சில் முடிவெடுக்க வேண்டியதில்லை. ஒரு கண் முடிந்து, அதன் பார்வை எப்படி இருக்கிறது என்று அறிந்த பின் மற்றதைப் பேசலாம். மல்டிஃபோகல் ஒத்துவராவிட்டால் மாற்ற முடியும். ஆனால் லென்ஸின் பின்னால் பிறகு படியும் திரையை லேசரால் திறந்துவிட்டால் மாற்றுவது மிகக் கடினம் என்பதால், பார்வையில் மனநிறைவு இல்லாதவர் அந்த லேசருக்கு முன்பே மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் உளூவிலும் ஸஜ்தாவிலும் கடைப்பிடிக்க வேண்டிய கவனத்தை மருத்துவரிடமும், சலுகைகளை ஆலிமிடமும் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய நாள், வாப்பா வழக்கம்போல் ஓத அமரும்போது, தையல் நாடா ஒன்றை எடுத்து அவர் கண்ணிலிருந்து முஸ்ஹஃப் வரை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் வண்டி ஓட்டுகிறாரா, எவ்வளவு தூரம் என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். மறுநாள் மருத்துவர் "எந்த லென்ஸ் வைக்கலாம்?" என்று கேட்கும்போது, துபாய் மகனைத் தொலைபேசியில் அழைப்பதற்கு முன் அந்தத் தாளை நீட்டுங்கள்.