பெயர் கேட்டு மறுக்கும் பெட்டி



இவ்வாரம் ஒரு விரல் நீளமே உள்ள உலோகத் துண்டு ஒன்றைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன்.

அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் ஒரு கட்டடத்திலிருந்து மறு கட்டடத்திற்கு ஃபைபர் கேபிள் செல்லும்போது, மின் சமிக்ஞையை ஒளியாகவும் ஒளியை மீண்டும் மின் சமிக்ஞையாகவும் மாற்றித் தருவது, சுவிட்சில் செருகப்படும் டிரான்சீவர் மாட்யூல். எஸ்எஃப்பி என்பது அதன் வழக்குப் பெயர். உற்பத்தியாளர்கள் பலர் கூடி, அதன் அளவும் இணைப்பும் எங்கும் ஒன்றாயிருக்கும்படி முன்பே உடன்படிக்கை செய்துகொண்டார்கள். எவர் செய்த மாட்யூலும் எவருடைய சுவிட்சிலும் பொருந்தவேண்டும் என்பதே நோக்கம்.

ஆனால் அந்த மாட்யூலுக்குள் சிறிய நினைவகம் ஒன்று உண்டு. செய்தவரின் பெயரும் வரிசை எண்ணும் அதில் எழுதப்பட்டிருக்கும். செருகியவுடன் சில சுவிட்சுகள் அந்தப் பெயரை வாசித்து, தங்கள் நிறுவனத்தின் பெயராக இல்லாவிட்டால் போர்ட்டையே மூடிவிடுகின்றன.

எனக்குத் தெரிந்த பள்ளி ஒன்றில் இதைக் கண்டேன். பழுதான மாட்யூலுக்குப் பதிலாக வேறொருவர் தயாரித்ததை வாங்கினார்கள். அதே 1310 நானோமீட்டர் ஒளி, அதே 10 கிலோமீட்டர் வகை. சுவிட்ச் மறுத்தது. வேறொரு சுவிட்சில் அதே மாட்யூல் குறைவின்றி இயங்கிற்று. கடைசியில் பன்மடங்கு விலை கொடுத்து "சரியான" பெயருள்ளதை வாங்கினார்கள். அந்தப் பணம் நூலகத்திற்கென்று வைத்திருந்தது.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. தரமற்ற மாட்யூல் சூடேறிக் கெட்டால் பழி தங்கள்மேல் வரும் என்கிறார்கள். அப்படியானால் எச்சரிக்கை கொடுக்கட்டும். "இதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதட்டும். இன்றைய மாட்யூல்கள் பல தங்கள் வெப்பத்தையும், அனுப்பும் ஒளி, பெறும் ஒளி ஆகியவற்றின் ஆற்றலையும் தாமே அளந்து சொல்கின்றனவே! அதைக் கொண்டு தீர்ப்பிடலாமே. கிரியையைப் பாராமல் பெயரை மட்டும் பார்த்துப் போர்ட்டை மூடுவது பாதுகாப்பு அல்ல, வியாபாரம் என்றே நான் கருதுகிறேன்.

(இணைப்பு வரவில்லையென்றால் மாட்யூலைக் குற்றப்படுத்துமுன் கேபிளின் முனையைத் துடைத்துப் பாருங்கள். சிங்கிள் மோட் ஃபைபரில் ஒளி செல்லும் பாதை ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர்தான். ஒரு தூசி போதும். முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.)

நம்மில் பள்ளி, விடுதி, மருத்துவமனை நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள், அடுத்த முறை சுவிட்ச் வாங்கும்போது, பிற நிறுவன மாட்யூல்களை அது ஏற்குமா என்பதை விலைப்புள்ளியிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.