தைராய்டுதானே என்றார்கள்

தைராய்டுதானே, ஊரில் யாருக்கு இல்லை என்று சொல்லியே என் தலையில் கல்லைப் போட்டுவிட்டீர்களே!

மூன்று வேளையும் வயிறு நிறையத் தின்றும் உடம்பு உருகியது. கை நடுங்கியது. நாலு படி ஏறினால் நெஞ்சு படபடவென்று அடித்தது. "இளைச்சு அழகாயிட்டே" என்றார்கள் சொந்தக்காரர்கள். அவர்களை விடுங்கள், படித்த டாக்டருக்குத் தெரிய வேண்டாமா? ரத்தப் பரிசோதனைத் தாளில் டிஎஸ்ஹெச் 0.01 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது அவ்வளவு இறங்கியிருந்தால் தைராய்டு சுரப்பி தாறுமாறாகச் சுரக்கிறது என்று அர்த்தம். "தைராய்டு கொஞ்சம் இருக்கும்மா, டென்ஷனைக் குறைங்க" என்றார். அதோடு விட்டாரா? கல்யாண வீட்டுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டதற்கு, அந்தத் தாள் மேஜைமேல் கிடக்கக் கிடக்க எழுதிக் கொடுத்தார். ரத்தம் உறையும் அபாயம் அந்த மாத்திரைக்கே உண்டு!

பிறகு வந்தது தலைவலி. மண்டையைப் பிளக்கும் வலி, வாந்தி, பார்வை மங்கல். ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுபடி போனேன், மறுபடியும் அதே ஊசி. வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் எம்ஆர்ஐ. மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் சிரையில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் டாக்டர்தான் முதன்முதலாக உட்கார்ந்து விளக்கினார். தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் ரத்தத்தை உறைய வைக்கும் 8-ஆம் காரணி, ஃபைப்ரினோஜன் எல்லாம் கூடுமாம். உறைந்ததைக் கரைக்கும் வேலை மந்தமாகுமாம். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறினால் அதன் மேலறையிலும் கட்டி உருவாகி மூளைக்கு ஏறலாமாம். எல்லாருக்கும் வராது என்றும் சொன்னார். சரி, வந்தவள் என்ன செய்வாள்?

இப்போது தைராய்டை அடக்கக் கார்பிமசோல் ஒரு பக்கம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் ஒரு பக்கம். தைராய்டு அடங்க அடங்க வார்ஃபரினைக் கூட்ட வேண்டியிருக்கிறது. ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்க்கக் குத்திக் குத்திக் கையெல்லாம் கன்றிப்போனது. எழுத்து இன்னும் கலங்கலாகத்தான் தெரிகிறது. பழைய டாக்டரிடம் நியாயம் கேட்கப் போனார் என் வீட்டுக்காரர். "அபூர்வமா நடக்கிறதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?" என்றாராம். அபூர்வமாம்! அந்தத் தாளைப் படிப்பதுமா அபூர்வம்?

டாக்டர்களே, தைராய்டு மிகுந்தவள் தாங்காத தலைவலி என்று வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வந்தால், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால், ஊசி போட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். ஹார்மோன் மாத்திரை எழுதுமுன் அவள் கொண்டுவந்த தாளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.