மாணவனுக்குக் காட்டக் கூடாத காகிதம்

எஞ்சினீயரிங் படிக்கும் இளைஞர் ஒருவர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தார். கதை பேச வந்தவர், காற்றைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். பேச்சோடு பேச்சாக, ஜே. ரீஸ் ராத் என்ற அமெரிக்கப் பேராசிரியரை ‘தியாகி’ என்றார். அன்று நான் சும்மா இருந்துவிட்டேன். வீடு தேடி வந்தவரோடு சண்டை பிடிப்பது என் வழக்கமில்லை. பேனாவைத் தொட்டால்தான் எனக்கு அந்தக் குணம் வரும்.

முதலில் காற்று விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்ததோடு சரி, நான். எனக்கே புரிந்தது உங்களுக்குப் புரியாமல் போகாது.

இறக்கையை ஒட்டிக் காற்று ஒழுங்காக ஓடுகிற வரைக்கும்தான் விமானத்துக்கு வாழ்வு. இறக்கையின் தோலைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற மெல்லிய காற்று, உராய்ந்து உராய்ந்து களைத்துவிடுகிறது. இறக்கையின் முதுகைத் தாண்டியதும் எதிரே அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. ஆற்று மணலைக் கடந்து வந்த பாரவண்டி மாடு, கரையேறும் இடத்தில் முழங்கால் மடங்கி நின்றுவிடுமே, அந்தக் கதிதான். விமானம் அளவுக்கு மீறி மூக்கை நிமிர்த்தினால் அந்தக் காற்று நின்று, பின்னுக்குத் திரும்பி, இறக்கையை விட்டே பிரிந்து சுழலாகிவிடுகிறது. தூக்கி நிறுத்தும் சக்தி போய்விடுகிறது. 1904-ல் ஹைடல்பர்க் நகரில் கூடிய கணித மகாநாட்டில் லுட்விக் பிராண்டல் இதை விளக்கினார். களைத்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் பிரிவு தள்ளிப் போகும் என்பதையும் அப்போதே காட்டினார். கதவு திறந்த மண்டபத்தில், கேட்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன சங்கதி இது.

திணறுகிற வண்டியின் சக்கரத்தில் ஒருவன் கை கொடுத்தால் போதுமல்லவா? பிளாஸ்மா செய்வது அந்தக் கைங்கரியம்தான். செப்புத் தாள் இரண்டு துண்டு. நடுவே மின்சாரம் பாயாத ஒரு நாடா. ஒரு துண்டு வெளியே தெரியும்; மற்றது நாடாவுக்கு அடியில், சற்றுத் தள்ளி. பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தை, வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறும்படி கொடுத்தால், செப்பின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு கோடு மினுங்கும். அங்கே மின்னேற்றம் பெற்ற காற்றுத் துகள்கள் பக்கத்துக் காற்றையும் தள்ளிக்கொண்டு ஓடும். வேகம் வினாடிக்குச் சில மீட்டர்தான். மின்விசிறிக் காற்று மாதிரி. ஆனால் சரியான இடத்தில் தள்ளினால், பிரிந்து போன காற்று திரும்பி வந்து ஒட்டிக்கொள்கிறது. அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. என்ன அழகான யோசனை!

டென்னஸி பல்கலைக்கழகத்து ராத் இதில் முன்னோடி. நாஸா விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 1998-ல் பகிரங்கமாகவே எழுதினார். பிரயாணிகள் விமானத்தின் வேகத்துக்கு முன்னால் இந்தச் சின்னத் தள்ளல் எடுபடாது. மெதுவாகப் பறக்கும் சிறு விமானத்தில் எடுபடும். ஆளில்லா விமானத்தின் மேல் கண் வைத்திருந்த அமெரிக்க விமானப் படை பணப்பையை அவிழ்த்தது. ஒரு கம்பெனி வழியாக வேலை பல்கலைக்கழகத்துக்கு வந்தது. விவரம் அந்நியர் கண்ணில் படக் கூடாது என்ற கட்டும் கூடவே வந்தது. ராத்தின் ஆராய்ச்சி மாணவர்களில் ஒருவர் சீனர், ஒருவர் ஈரானியர். இருவருக்கும் விவரம் போயிற்று. 2006-ல், பல்கலைக்கழக அதிகாரி எச்சரித்த பிறகும், அந்த விவரத்தோடு சீனாவுக்குப் போனார். 2008-ல் பதினெட்டுக் குற்றச்சாட்டுகளில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 2009-ல் நாலு வருஷம் சிறைத் தண்டனை விதித்தார்கள். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். 2011-ல் அப்பீலும் தள்ளுபடியாயிற்று.

இதில் தியாகம் எங்கே இருக்கிறது? நிபந்தனையைப் பார்த்ததும் பணத்தைத் திருப்பி அனுப்பியிருந்தால் நானே மாலை வாங்கிக்கொண்டு போயிருப்பேன். கையெழுத்துப் போட்டு, காசையும் வாங்கிக்கொண்ட பிறகு, ‘ஞானத்துக்கு ஏது ஸார் வேலி’ என்று அவருக்காக என் இளைஞர் உருகுவது எனக்குச் சகிக்கவில்லை. வேலிக்குக் கூலி வாங்கியவரல்லவா அவர்! பிராண்டலின் கோட்டிங்கன் மட்டும் யோக்கியமா? முதல் உலக யுத்தத்தின்போது ராணுவப் பணத்தில்தான் அது பெரிய காற்றுச் சுரங்கம் கட்டிக்கொண்டது.

அதற்காக, சட்டம் ஜெயித்தது என்று கை தட்டுகிறவர்களோடும் நான் சேர மாட்டேன். அந்தச் சட்டத்தின்படி, அமெரிக்காவிலேயே, ஒரே அறையில், மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருக்கிற அந்நிய மாணவனிடம் நீட்டிய காகிதமும் ஆயுத ஏற்றுமதிதான். சரி, அப்படியே இருக்கட்டும். அப்படியானால் அந்தக் காகிதத்தை வகுப்புக்குள் வரவழைத்தது யார்? பணம் வந்தபோது பல்கலைக்கழகம் வேண்டாம் என்று சொன்னதா? கூண்டில் ஏறியவர்களில் அதைக் காணோமே!

இந்தப் பணத்தை வாங்கிய வாத்தியாருக்கு வழி இரண்டுதான். சட்டத்தை மீறலாம், அல்லது வாத்தியார் தொழிலை மீறலாம். ராத் முன்னதைச் செய்தார், சிறைக்கு அனுப்பினார்கள். ‘இந்தப் பக்கம் உனக்கில்லையப்பா’ என்று சொந்த மாணவனின் கண்ணுக்கு முன்னாலிருந்து காகிதத்தை இழுத்துக்கொள்கிறவர் பின்னதைச் செய்கிறார். அவரை யாரும் எந்தக் கோர்ட்டுக்கும் இழுப்பதில்லை. அவர் நல்ல பிள்ளை.

என் இளைஞர் மேல்படிப்புக்கு அமெரிக்காவுக்கு மனுப் போட்டிருக்கிறாராம். காற்றோட்ட ஆராய்ச்சிதான் வேண்டுமாம். மேஜைக்கு எதிர்ப்புறம் உட்காரப் போகிற அந்நியர் அவர். அடுத்த தடவை வரும்போது, எந்த வாத்தியாரிடம், யார் பணத்தில் என்று கேட்டு வைக்க வேண்டும்.