வழியற்ற பாலை என்னும் பொய்

கற்பனை உலகம் சமைப்போருக்குப் பாலை எளிய களமாகத் தோன்றுகிறது. ஓயாத காற்றும் புழுதியும் இருந்தால் போதும், மற்ற கேள்விகளை மணல் மூடிவிடும் என்று நம்புகிறார்கள். 2018இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' திரைப்படத்தின் நராச்சி அத்தகைய உலகம்: வெளியார் நுழைய இயலாத, உள்ளிருப்போர் மீள இயலாத, புழுதி சூழ்ந்த அடிமைச் சுரங்கம். கற்பனைக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாழும் ஓர் ஊரின் பெயரைச் சூடி, அவ்வூரின் சயனைடு மேடுகளிலேயே படமாக்கப்பட்ட கற்பனை, அவ்வூரைப் பற்றிய கூற்றாகவும் ஆகிவிடுகிறது. அக்கூற்று பொய்.

பாலையை நம் மரபு இவ்வாறு கண்டதில்லை. சங்கப் பாடல்களின் பாலையில் வழி உண்டு. பொருள் தேடிச் செல்லும் தலைவனும், உப்பேற்றிச் செல்லும் உமணரும், வணிகச் சாத்தும், அவர்களை மறிக்கும் ஆறலைப்போரும் அவ்வழியில் இருக்கிறார்கள். சஹாராவிலும் அப்படியே. தகாசாவின் உப்புப் பாளங்கள் ஒட்டகங்களில் தெற்கே சென்ற வழியில்தான் 1352இல் இபின் பதூதா பயணம் செய்தார். காற்று கொடிதாகும் நிலத்தில் கிணறும் தங்குமிடமும் வழிகாட்டியும் மேலும் இன்றியமையாதவை ஆகின்றன. எனவே பாலை உலகம் எதையும் ஒரு கேள்வியால் சோதிக்கலாம்: தண்ணீரும் தானியமும் செய்தியும் இங்கு எவ்வழியே வருகின்றன? நராச்சியில் பொன் வெளியேற வழியுண்டு. மனிதர் சென்றுவர வழியில்லை.

கோலார் தங்கவயலின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்திற்கு ரயில் வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே அது பின்னர்தான் கிடைத்தது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீர் வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களோடு நூல்களும் கருத்துகளும் பயணம் செய்தன. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்தியது இவ்வூரிலிருந்தே. 1930இல் கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்களும் இம்மக்களே. ஒரு நாயகன் வந்து எழுப்பும்வரை உறங்கிக் கிடந்த அடிமைக் கூட்டம் அல்லர்.

சுரண்டல் இல்லை என்பதன்று என் வாதம். சுரண்டலும் அதே ரயிலில்தான் வந்தது. ஒப்பந்தமாக, கைரேகையாக, லண்டன் பங்குதாரரின் இலாபக் கணக்காக வந்தது. அதை மதிலும் சவுக்குமாகக் காட்டுவது, உண்மையான பொறுப்பாளிகளைத் தப்பவிடுவதாகும்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரியும்போது பாலை உருவாகும் என்கிறது சிலப்பதிகாரம். தங்கவயலின் பாலையும் அவ்வாறு திரிந்ததே. அதைத் திரித்தது தொழில். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது, 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவுத்தூள் குன்றுகளாக எஞ்சியது. காற்று வீசும் மாதங்களில் அத்தூள் குடியிருப்புகளின் மேல் படிகிறது. அதனூடே ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். இன்றைய சாத்து அதுவே.

13 கழிவுக் குன்றுகளில் மீண்டும் பொன் எடுக்கும் திட்டத்திற்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. குன்றைத் தோண்டினால் தூள் எழும்; அது எவர் வீட்டில் படியும் என்பதை அங்கு வாழ்வோரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஆளற்ற பாலை என்று நம்பிவிட்டவர்கள் எவரையும் கேட்க மாட்டார்கள். ஆகவே தங்கவயலைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நராச்சியை விளக்குவதற்கு முன், மாரிகுப்பம் ரயிலில் ஒருமுறை பயணம் செய்யுங்கள்.